வைக்கோலும் கழிவொளியும்

மட்டக்களப்பு வாவிக்கு வடக்கே, வாழைச்சேனையில், 1950களின் நடுப்பகுதியில் அரசாங்கக் காகித ஆலை எழுந்தது. 1948 முதல் 1953 வரை கைத்தொழில் அமைச்சராயிருந்த ஜி. ஜி. பொன்னம்பலத்தின் காலத்தில் உருப்பெற்ற திட்டம் அது. சூடடித்த களத்தில் எஞ்சும் வைக்கோலே அதன் முக்கிய மூலப்பொருள். உழவன் கழித்த வைக்கோல் மாணவனின் ஏடாக வேண்டுமென்பது புதிதாய் விடுதலை பெற்ற நாடொன்றின் நியாயமான கனவு.

ஆயின், வைக்கோலுக்கு ஓர் இயல்புண்டு. நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்காவை மிகுதியாக உறிஞ்சிக்கொள்கிறது. காஸ்டிக் சோடாவில் வைக்கோலை அவிக்கும்போது அச்சிலிக்காவும் கரைந்து கருநீரிற் சேர்கிறது. கருநீரைச் சுண்டவைத்துச் சோடாவை மீட்க முயன்றால், குழாய்களிற் கல்லாய்ப் படிகிறது. மீட்கப்படாத கருநீருக்கு நீர்நிலையே போக்கிடம். வாழைச்சேனையிலும் ஆலைக் கழிவு வாவியிற் கலந்தது. அவ்வாவியோ மீனவரின் வயல்! மரவளம் மிக்க நாடுகளில் வளர்ந்த காகிதத் தொழினுட்பத்துக்கு இச்சிக்கலைத் தீர்க்கும் அவசரம் இருக்கவில்லை.

பொருளின் உள்ளமைப்பை அறியும் புதிய கருவியொன்றின் கதையும் கழிவிலேயே தொடங்குகிறது. 1947 ஏப்ரிலில், அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பனியின் ஆய்வுகூடத்தில், சின்குரோட்ரன் என்னும் பொறியில் வட்டமாய் விரைந்த இலத்திரன்கள் ஒளி உமிழக் கண்டனர். பௌதிக அறிஞர் பலர் அதனைச் சக்தி விரயமென்றே கருதினர். பின்னர் அவ்வொளியின் எக்ஸ்-கதிர்களே பொருளாய்வின் கூரிய கண்ணாயின. காகிதத்தின் உயிரான செலுலோசின் அணு அமைப்பு, இக்கதிர்களின் துணையோடு 2002இல் நுட்பமாக வரையறுக்கப்பட்டது. தாவரத் திசுவில் சிலிக்கா எங்கெங்கே படிந்துள்ளதென்பதையும் இவற்றாற் காணலாம்.

இப்பொறிகள் பெரும்பாலும் மக்களின் வரிப்பணத்தில் எழுந்தவை. பிரான்சின் கிரெனோபிளில் 1994இல் திறக்கப்பெற்ற ஐரோப்பிய நிலையத்தில், தகுதி நோக்கித் தெரிவாகும் ஆய்வாளர் கட்டணமின்றிப் பணியாற்றி முடிவுகளை உலகுக்கு வெளியிடுவர். கம்பனிகளோ கட்டணம் செலுத்தி, முடிவுகளைத் தமக்கே வைத்துக்கொள்ளலாம். மருந்து, மின்கலம், உலோகம் முதலிய தொழில்கள் இவ்வழியாற் பயனடைகின்றன. வாவிக்கரை மீனவனுக்காக அக்கட்டணத்தைச் செலுத்தும் கம்பனி எது?

விஞ்ஞானம் தன்னை அணுகுவோரின் கேள்விக்கே விடை கூறும். இலங்கையிற் சின்குரோட்ரன் இல்லை. அயலில், இந்தூரில், இந்தியா அமைத்த இண்டஸ்-2 பொறி 2005இல் இயங்கத் தொடங்கியது. வைக்கோலின் கேள்வியை, வாவியின் கேள்வியை, அத்தகைய ஒளியின் முன் வைக்கவேண்டியவர் நம் பல்கலைக்கழகத்தாரே. பொறியை விலைக்கு வாங்கலாம். நம் மண்ணின் கேள்விகளை நமக்காகப் பிறர் கேட்கமாட்டார்.