நெல்லும் மாடும்: திண்டுக்கல் சமவெளியின் பொங்கல் மரபு

பொங்கல் விழாவைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பாலானவை காவிரிப் படுகையின் நெல்வயல்களை மனத்தில் கொண்டே எழுதப்பட்டவை. ஆதலால் பொங்கல் என்றாலே நெல்லறுவடை என்னும் எண்ணம் பொதுவாக வேரூன்றியுள்ளது. ஆனால் கிழக்கே சிறுமலையும் தென்மேற்கே பழனி மலைத்தொடரும் எல்லைகளாக அமைந்த திண்டுக்கல் சமவெளி பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. மலையடிவாரக் குளங்களை அண்டிய சிறு நன்செய்ப் பகுதிகளை விலக்கிப் பார்த்தால், மழையை மட்டும் நம்பி விதைக்கும் மானாவாரி நிலங்களும், கிணற்று நீரால் விளையும் தோட்டக்கால்களுமே இங்கு மிகுதி. சோளம், கம்பு, நிலக்கடலை, பயறு வகைகள் ஆகியவையே இம்மண்ணின் பழைய விளைச்சல்கள். இத்தகைய நிலத்தில் உழவனின் முதற்செல்வம் வயலைக் காட்டிலும் மாடாகவே இருந்தது என்பதும், இவ்வட்டாரப் பொங்கலின் நடுநாயகமாக மாட்டுப் பொங்கலே விளங்குவதற்கு அதுவே காரணம் என்பதும் எண்ணத்தக்கவை.

நெல்லும் மாடும் பழங்காலத்தில் பெற்றிருந்த மதிப்பைக் காட்டும் முதன்மையான சான்றுகள் இரண்டு. ஒன்று நெல்லைப் பற்றியது. மற்றொன்று மாட்டைப் பற்றியது. பழனிக்கு அருகே மலையடிவாரத்தில் உள்ள பொருந்தலில், புதுவைப் பல்கலைக்கழகத் தொல்லியல் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் 2009, 2010 ஆம் ஆண்டுகளில் நடந்த அகழாய்வின்போது, ஈமக்குழி ஒன்றில் நான்கு கால்கள் கொண்ட சாடி ஒன்று கிடைத்தது. அதனுள் ஏறத்தாழ இரண்டு கிலோ நெல் இருந்தது. அந்நெல்மணிகளைக் கரிமக் காலக்கணிப்புக்கு உட்படுத்தியபோது அவை கி.மு. 490 அளவினவை என்று தெரியவந்தது. இறந்தவருக்கு நெல்லை வைத்து வழியனுப்பிய மக்கள், நெல்லை வெறும் உணவாக அன்றிப் போற்றுதற்குரிய பொருளாகவும் கருதினர் என்பதை அந்தச் சாடி காட்டுகிறது.

மாட்டைப் பற்றிய சான்று வைகைப் படுகையில் கிடைத்தது. தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்தைச் சேர்ந்த புலிமான்கோம்பையில் 2006 ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமி நடுகற்களுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோள் பூசலில் இறந்த வீரனுக்காக எடுக்கப்பட்டது. ஆகோள் என்பது பகைவரின் ஆநிரைகளைக் கவர்ந்து வருதல். அந்நடுகல் கி.மு. 3 அல்லது 2 ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது என்பர் ஆய்வாளர். அதே படுகையில், திண்டுக்கல் மாவட்டம் நிலக்கோட்டை வட்டத்திலுள்ள தாதப்பட்டியிலும் தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகல் கிடைத்துள்ளது. மாட்டுக்காக உயிர் கொடுத்தவனைக் கல் நட்டு வணங்கிய சமூகம், மாட்டையே வணங்கும் விழாவை ஆண்டுதோறும் எடுப்பதில் வியப்பதற்கு ஏதுமில்லை.

இலக்கியச் சான்றுகளும் இவ்விரு இழைகளைத் தனித்தனியே காட்டுகின்றன. தைத் திங்களில் இளமகளிர் நோன்பிருந்து நீராடிய வழக்கமாகிய தைந்நீராடல் சங்கப் பாடல்கள் பலவற்றில் பேசப்படுகிறது. கலித்தொகையின் முல்லைக்கலி, ஆயர்குல இளைஞர் காளைகளைத் தழுவி அடக்கும் ஏறுதழுவுதலை விரிவாகப் பாடுகிறது. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழாப் பகுதியில், புகார் நகரின் காவற்பூதத்துக்குப் படைத்த பொருள்களுள் பொங்கலும் ஒன்று. அதே காப்பியத்தின் காடுகாண் காதை, மதுரைக்குச் செல்லும் வழிகளை விவரிக்குமிடத்தில், வாழையும் கமுகும் தெங்கும் மாவும் பலாவும் சூழ்ந்த பாண்டியனின் மலையாகச் சிறுமலையைக் குறிப்பிடுகிறது. அன்று வாழைக்குப் பெயர்பெற்றிருந்த அம்மலையின் வாழைக்கே நம் காலத்தில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டுள்ளது.

விழாவின் நாளை வகுத்தது வானியல். ஞாயிறு மகர ராசியில் புகும் நாளே தை முதல் நாள். அது உத்தராயணத்தின், அதாவது ஞாயிறு வடக்கு நோக்கித் திரும்பும் காலத்தின், தொடக்கமாகவும் கொண்டாடப்படுகிறது. உண்மையில் ஞாயிறு வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22 ஆம் நாளில். தை முதல் நாளோ ஜனவரி 14 அல்லது 15 இல் வருகிறது. புவியின் அச்சு மெல்லச் சுழல்வதால் ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் இவ்விரண்டும் விலகிச் செல்கின்றன. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன்பு இரண்டும் ஒரே நாளில் நிகழ்ந்திருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைத்த பயிர் களத்துக்கு வந்து சேரும் காலமும் இதுவே ஆதலால், வானியல் நாளும் உழவனின் நாளும் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

திண்டுக்கல் வட்டாரத்தில் விழா தொடங்குவது பொங்கல் பானையால் அன்று, காப்புக் கட்டால். மார்கழிக் கடைசி நாளான போகியன்று வேப்பிலை, ஆவாரம்பூ, இவ்வட்டாரத்தில் கண்ணுப்பிள்ளை எனப்படும் சிறுபீளை ஆகியவற்றை மாவிலையோடு சேர்த்துச் சிறு கொத்துகளாகக் கட்டி, வீட்டு நிலையிலும், மாட்டுத் தொழுவத்தின் கூரையிலும், கிணற்றடியிலும், வயலின் மூலையிலும் செருகுவர். இன்று அக்கொத்து டிராக்டரிலும் இருசக்கர வாகனத்திலும் இடம் பெறுகிறது. தை பிறக்கும் முன் வீட்டையும் விளைச்சலையும் கால்நடையையும் தீங்கு அணுகாமல் காப்பதே இதன் நோக்கம். காப்புக் கட்டும் செடிகள் யாவும் பாத்தி கட்டி வளர்த்தவை அல்ல. ஆவாரையும் சிறுபீளையும் தரிசு நிலத்திலும் வரப்போரத்திலும் தாமே முளைத்து மார்கழிப் பனியில் பூத்து நிற்பவை. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டின் மலர்ப் பட்டியலில் ஆவிரையும் பூளையும் அடுத்தடுத்த அடிகளில் வருகின்றன என்பது இச்செடிகளோடு தமிழர் கொண்ட உறவின் பழமையை உணர்த்தும்.

போகிக்கு வழங்கும் புராணக்கதை இந்திரனைப் பற்றியது. மழைக்கு அதிபதியான இந்திரனுக்கு ஆயர்கள் ஆண்டுதோறும் செய்துவந்த பூசையைக் கண்ணன் நிறுத்தி, ஆநிரைகளுக்குப் புல்லும் நீரும் தரும் கோவர்த்தன மலையை வணங்கச் செய்தான் என்றும், சினந்த இந்திரன் பெருமழை பெய்வித்தபோது அம்மலையையே குடையாகப் பிடித்து ஆயரையும் ஆவினத்தையும் காத்தான் என்றும் அக்கதை கூறும். மாட்டுப் பொங்கலுக்கு வாய்மொழியாக வழங்கும் கதை நந்தியைப் பற்றியது. நாள்தோறும் எண்ணெய் தேய்த்துக் குளித்து மாதம் ஒருமுறை உண்ணுமாறு உலகத்தாருக்குச் சொல்லிவரச் சிவபெருமான் நந்தியை அனுப்ப, நந்தி அதனை மாற்றி, மாதம் ஒருமுறை குளித்து நாள்தோறும் உண்ணுமாறு கூறிவிட்டது. அதனால் கூடுதலாக வேண்டிய உணவை விளைவிக்க மண்ணுலகம் சென்று ஏர் இழுக்குமாறு இறைவன் பணித்தார் என்பது கதை. இரண்டு கதைகளுக்கும் பொதுவான உட்கருத்து, மனிதன் உண்ணும் ஒவ்வொரு வேளைச் சோறும் மாட்டுக்குப் பட்ட கடன் என்பதே.

அக்கடன் திண்டுக்கல் மண்ணில் எவ்வளவு பெரிது என்பதைக் கமலைக் கிணறு விளக்கும். கமலை என்பது மாடுகளைக் கொண்டு கிணற்று நீரை இறைக்கும் அமைப்பு. கிணற்று மேட்டிலிருந்து சரிவாக வெட்டிய பாதையில் இரண்டு எருதுகள் வடத்தை இழுத்துக்கொண்டு இறங்க, தோல் வால் பொருத்திய சால் நீரோடு மேலெழுந்து வாய்க்காலில் கவிழும். பின்பு எருதுகள் பின்னோக்கி நடந்து மேடேற, சால் மீண்டும் கிணற்றுக்குள் இறங்கும். விடியுமுன் தொடங்கும் இவ்வேலையால்தான் தோட்டக்கால்களில் புகையிலையும் மிளகாயும் வெங்காயமும் விளைந்தன. இருபதாம் நூற்றாண்டில் மின்மோட்டார் பரவும் வரை எருதின் தோள் வலுவே இச்சமவெளியின் பாசன வலு.

ஆகவே தை இரண்டாம் நாள் அவ்வெருதுக்கு ஓய்வு நாள். மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்பு சீவி வண்ணம் பூசி, பழைய மூக்கணாங்கயிற்றையும் பிடிகயிற்றையும் களைந்து புதியன பூட்டி, கழுத்தில் சலங்கையும் மாலையும் அணிவிப்பர். மாலையில் தொழுவத்தில் பொங்கலிட்டு, முதற்கவளத்தை வாழைப்பழத்தோடு மாட்டுக்கு ஊட்டிய பின்னரே வீட்டார் உண்பர்.

பதினாறாம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் ஆட்சி பாளையங்களை வகுத்தபின், விருப்பாட்சி, கன்னிவாடி, ஆயக்குடி, அம்மையநாயக்கனூர் முதலிய பாளையங்களைக் கொண்ட இப்பகுதியில் தெலுங்கு பேசும் கம்பளத்து நாயக்கர்கள் வேரூன்றினர். அவர்கள் தெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட காளையைச் சலகெருது என்பர். அது ஏர் பூட்டப்படுவதில்லை. உறுமி முழக்கத்தோடு தேவராட்டம் ஆடி அக்காளைகளை வழிபடுவதும், கோயில் விழாக்களில் அவற்றை எல்லைக்கோட்டை நோக்கி ஓடவிடும் மாலை தாண்டும் விழாவும் அவர்களின் மரபுகள். முந்திவரும் காளைக்கு அங்கே கிடைக்கும் பெரும்பரிசு ஓர் எலுமிச்சம்பழமே.

இந்த மாட்டு மரபு சமய எல்லையையும் கடந்தது. சாணார்பட்டி வட்டாரத்தின் கொசவபட்டி, புகையிலைப்பட்டி ஆகிய ஊர்களில் கத்தோலிக்கத் தேவாலயத் திருவிழாக்களை ஒட்டிச் சல்லிக்கட்டு நடைபெறுகிறது. கால்நடைகளின் பாதுகாவலராகப் போற்றப்படும் எகிப்து நாட்டுத் துறவியான வனத்து அந்தோணியாரின் திருநாள் ஜனவரி 17. ஐரோப்பாவிலும் அந்நாளில் கால்நடைகளை மந்திரிக்கும் வழக்கம் உண்டு. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ வந்து சேரும் அத்திருநாள், இங்குள்ள கிறித்தவ உழவர்களுக்குத் தம் பழைய மரபைத் தொடர இயல்பான வாயிலாக அமைந்தது.

உச்ச நீதிமன்றம் 2014 மே 7 அன்று சல்லிக்கட்டுக்குத் தடை விதித்ததும், 2017 ஜனவரியில் தமிழகமெங்கும் எழுந்த போராட்டத்தின் பயனாக மாநில அரசு சட்டத்திருத்தம் கொண்டுவந்ததும், அத்திருத்தம் செல்லும் என 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்ததும் யாவரும் அறிந்தவை. ஆனால் சல்லிக்கட்டுக் காளைக்குக் கிடைத்த பாதுகாப்பு உழவு மாட்டுக்குக் கிடைக்கவில்லை. டிராக்டரும் மோட்டாரும் வந்தபின் எருது பூட்டும் வீடுகள் அருகிவிட்டன. கமலைக் கிணற்றின் சரிவுப் பாதைகள் தூர்ந்துவிட்டன. கமலையில் மாடு ஓட்டிய தலைமுறை முதுமையை எட்டிவிட்டது. எந்தச் செடியை எந்த மூலையில் செருகுவது, எந்தக் கயிற்றை எந்த முறையில் மாற்றுவது, எந்த ஊரில் எந்தத் தெய்வத்துக்குக் காளை நேர்வது என்பன எல்லாம் எழுத்தில் ஏறாமல் அம்முதியோர் நினைவில் மட்டுமே வாழ்கின்றன. திண்டுக்கல் மாவட்டத்தின் கல்லூரிகளும் ஊராட்சிகளும் தத்தம் ஊர்களின் பொங்கல் வழக்கங்களை ஊர்வாரியாக, சாதி சமய வேறுபாடின்றித் தொகுத்துப் பதிவு செய்ய வேண்டும். அப்பணியை அம்முதியோர் இருக்கும்போதே முடித்தாக வேண்டும்.