உலைச் சிகரமும் காரைக்கால் காகிதமும்

கூடங்குளத்தில் குடியிருப்பவர்களுக்குப் பாறையைப் பற்றிய பேச்சு புதிதல்ல. 2011, 2012 போராட்டக் காலத்தில் டீக்கடை பெஞ்சில்கூட நிலவியல் பேசினார்கள். 1998இல் திருநெல்வேலிக்குப் பக்கத்து அபிஷேகப்பட்டியில் தரையிலிருந்து உருகிய குழம்பு வந்த செய்தியை எடுத்துக்காட்டி, "இது எரிமலைப் பூமியா?" என்று கேட்டார்கள். மின்கம்பத்திலிருந்து இறங்கிய மின்சாரம் மண்ணை உருக்கிவிட்டது என்று ஒரு சாரார் சொன்னார்கள். இல்லை, பூமிக்குள்ளிருந்து வந்ததுதான் என்று மற்றொரு சாரார் சொன்னார்கள். மகன் வீட்டோடு வந்து தங்கியிருந்த எனக்கு அப்போது ஓர் ஆசை பிறந்தது: உண்மையான எரிமலை எப்படி இருக்கும் என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

இந்தியாவில் இப்போதும் உயிரோடிருக்கும் எரிமலை அந்தமானில் உள்ள பாரன் தீவு ஒன்றுதான். நெடுங்காலம் ஓய்ந்திருந்து 1991இல் மறுபடி வெடித்தது. ஆள் வசிக்காத தீவு. கப்பலில் இருந்தபடி பார்க்கலாம், அவ்வளவே. ஆனால் எங்கள் காரைக்கால் வீடுகளில் சிறு வயதிலிருந்தே காதில் விழுந்த தீவு வேறு. "புர்போனுக்குப் போனவர்" என்று பாட்டிமார் சொல்வார்கள். போனவர் திரும்பவில்லை என்பது அதன் பொருள். பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்குப் பூகோளப் பாடத்தில் அந்தத் தீவின் பெயர் ரெயூனியோன். நாம் ரீயூனியன் என்கிறோம்.

2019 செப்டம்பரில், ஓய்வுபெற்றவர்கள் பதினான்கு பேர் சேர்ந்த ஒரு குழுவோடு மொரீஷியஸ் வழியாக அங்கே போனேன். நிலவியலை மையமாக வைத்த எட்டு நாள் சுற்றுலா. வழிகாட்டிக்கு ஆங்கிலம் குறைவு, தமிழ் அறவே இல்லை. ஆகவே மொழிபெயர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. முப்பத்தைந்து வருடம் கோப்பு எழுதியவனுக்கு அது பாரமில்லை.

முதல் நாளே அவர் எங்களைத் திகைக்க வைத்தார். "நீங்கள் எங்கள் எரிமலையைப் பார்க்க வந்திருக்கிறீர்கள். ஆனால் இது முதலில் உங்கள் நாட்டில் எரிந்த அடுப்பு" என்றார். விஷயம் இதுதான். பூமியின் ஆழத்திலிருந்து வெப்பம் மேலெழும் ஓர் இடம் அங்கே இருக்கிறது. அது ஏறக்குறைய அதே இடத்தில் நிற்க, அதன் மேல் நிலத்தட்டு நகர்ந்துகொண்டே போகிறது. அடுப்பு நிற்க, தோசைக்கல்லை மெல்ல இழுத்துக்கொண்டு போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த அடுப்பின் மேல் இருந்தது இந்தியா. அப்போது பொங்கிய குழம்புதான் இன்று மகாராஷ்டிரத்திலும் சுற்று மாநிலங்களிலும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கும் தக்காணக் கருங்கல். அஜந்தாவையும் எல்லோராவையும் குடைந்தது அந்தக் கல்லில்தான். இந்தியா வடக்கே நகர நகர, அடுப்பு சுட்ட தழும்புகள் கடலுக்கடியில் லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் என்று வரிசையாக விழுந்தன. பிறகு மொரீஷியஸ். கடைசியில் ரீயூனியன். கடலுக்கு மேல் தலை காட்டி அதற்குச் சில பத்து லட்சம் ஆண்டுகளே ஆகின்றன.

நம் தென்கோடிப் பாறை அந்த வகையைச் சேர்ந்ததல்ல. கூடங்குளம், ராதாபுரம், நாகர்கோவில் பக்கத்துப் பாறைகள் பூமியின் ஆழத்தில் வெந்து, அழுந்தி, உருமாறியவை. அது நடந்து 50 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. நாம் மிதிப்பது கிழட்டுப் பாறை, அவர்கள் மிதிப்பது பச்சைக் குழந்தை.

ரீயூனியன் ஏறக்குறைய 2,500 சதுர கிலோமீட்டர்தான். அதற்குள் இரண்டு மலைகள். வடமேற்கே பனிச் சிகரம் என்று பொருள்படும் பித்தோன் தே நேழ், 3,070 மீட்டர் உயரம், அணைந்துபோன எரிமலை. தென்கிழக்கே உலைச் சிகரம் என்று பொருள்படும் பித்தோன் த லா ஃபூர்னேஸ், 2,632 மீட்டர். இதுதான் உயிருள்ளது. நாங்கள் போன 2019இல் மட்டும் ஐந்து முறை வெடித்தது. நாங்கள் இருந்த நாட்களில் உலை அமைதியாகவே இருந்தது. குழுவில் பாதிப்பேருக்கு ஏமாற்றம், மீதிப்பேருக்கு நிம்மதி.

அதிகாலையில் வேனில் ஏறினோம். மணல் சமவெளி என்ற இடத்தைக் கடக்கும்போது யாரும் பேசவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் செங்கறுப்புக் கப்பிதான் பரந்து கிடந்தது. நம் தேரிக்காட்டை நினைத்துக்கொண்டேன், ஆனால் இங்கே ஒரு பனைமரம்கூட இல்லை. பா த பெல்கோம்ப் என்ற விளிம்பில் இறங்கினோம். அங்கிருந்து குனிந்து பார்த்தால், கோட்டைச் சுவர் சூழ்ந்ததுபோல் ஒரு பெரிய பள்ளம், அதன் நடுவே எரிமலைக் கூம்பு. அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி உச்சி வரை நடப்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் முழங்கால்களுக்கு அது கட்டுப்படியாகாது. மேலேயே நின்று பார்த்தோம். 2007 ஏப்ரலில் நடந்த பெரிய வெடிப்பில் குழம்பு பக்கவாட்டில் வழிந்தோடிவிட்டதால், உச்சியிலிருந்த தொலோமியோ வாயின் தரை 300 மீட்டருக்கும் அதிகமாக உள்வாங்கிவிட்டது என்று வழிகாட்டி விளக்கினார்.

உறைந்த குழம்பில் இரண்டு தினுசு. ஒன்று, கயிறு திரித்ததுபோல் வழவழவென்று இருக்கும். மற்றது கரடுமுரடாக, காலைக் கிழிக்கும். இரண்டாவதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'கிராத்தோன்', அதாவது பொரித்த பன்றித்தோல். எந்த ஊரானாலும் ஜனங்கள் அடுப்படியிலிருந்துதான் பெயர் எடுக்கிறார்கள்.

மறுநாள் கிழக்குக் கரைச் சாலை. எரிமலை பலமுறை அறுத்து, அவர்கள் பலமுறை போட்ட சாலை அது. ஒவ்வொரு குழம்பு ஓட்டத்துக்கும் வருடம் எழுதிப் பலகை நட்டிருக்கிறார்கள். புதிய ஓட்டம் கரிக்கட்டையாக இருக்கும். சில வருடங்களில் சாம்பல் நிறப் பாசி படியும், பிறகு பெரணி முளைக்கும், அதன் பிறகு மரம். பச்சையின் அளவைப் பார்த்தே வயதைச் சொல்லிவிடுகிறார்கள்.

அந்தச் சாலையில்தான் பித்தோன் சேந்த் ரோஸ் என்ற ஊர். 1977 ஏப்ரலில், வழக்கமான பள்ளத்துக்கு வெளியே வெடிப்பு உண்டாகி, குழம்பு ஊருக்குள்ளேயே இறங்கிவிட்டது. மக்களை முன்பே வெளியேற்றியதால் உயிர்ச்சேதம் இல்லை. வீடுகள் போயின. மாதா கோயில் வாசலுக்கு வந்த குழம்பு இரண்டாகப் பிரிந்து சுவரைச் சுற்றிக்கொண்டு போயிற்று. இன்று அதன் பெயரே குழம்புகளின் மாதா கோயில். வாசற்படியருகே அந்தக் கரும்பாறையைத் தொட்டுப் பார்த்தேன்.

அதிசயம் என்று சொல்லி அவர்கள் அதோடு நின்றுவிடவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. 1979இல், பாரிஸ் புவி இயற்பியல் நிறுவனத்தின் பொறுப்பில் ஒரு கண்காணிப்பு நிலையத்தை அங்கே நிறுவினார்கள். நில அதிர்வு, மலைச்சரிவின் சாய்வு, வாயு என எல்லாவற்றையும் இரவும் பகலும் அளக்கிறார்கள். மலை சற்றே வீங்கினாலும் கருவி காட்டிவிடும். உடனே பள்ளத்தின் கதவை மூடுகிறார்கள். அளந்ததை அறிக்கையாக வெளியிடுகிறார்கள், காய்கறி விற்கும் பெண்ணும் அதைப் பற்றிப் பேசுகிறாள். ஆபத்தின் பக்கத்தில் குடியிருப்பது அவர்களுக்கும் விதிதான், நமக்கும் விதிதான். அவர்கள் உலையை இயற்கை வைத்தது, நம் உலையை மனிதன் வைத்தான். இரண்டுக்கும் வேண்டியது ஒன்றே: அளந்துகொண்டே இருப்பதும், அளந்ததை ஊருக்குச் சொல்வதும். சொன்னால் பயம் பாதி குறையும். அன்று நம் டீக்கடை பெஞ்சில் நடந்த வாக்குவாதத்துக்கு யாரும் வந்து பொறுமையாகப் பதில் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும்.

இனி மனிதர்கள் கதை. 1848 டிசம்பர் 20 அன்று அத்தீவில் அடிமை முறை ஒழிந்தது. விடுதலையானவர்கள் சுமார் 60,000 பேர். கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே. புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ஐந்து வருட ஒப்பந்தத்தில் ஆள் ஏற்றினார்கள். 1860இல் பிரிட்டனும் பிரான்சும் உடன்படிக்கை செய்துகொண்ட பிறகு பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் ஏற்றினார்கள். நடத்தை சரியில்லை என்று 1882இல் பிரிட்டிஷார் நிறுத்தும்வரை அது நடந்தது. மொத்தம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர். இறங்கியதும் லா கிராந்த் ஷலூப் என்ற கடலோரத் தனிமை முகாமில் அடைத்து வைத்தார்கள். அந்தக் கட்டடங்களை இன்று பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். பெரும்பாலோர் தமிழர்களாக இருந்தும் அவர்களுக்கு விழுந்த பெயர் 'மல்பார்'.

மொழி போய்விட்டது. மாரியம்மன் போகவில்லை. தீமிதி இருக்கிறது. பாஞ்சாலி அங்கே பாண்டியாலே ஆகியிருக்கிறாள். முருங்கைக் கீரை சந்தையில் 'முரூங்' என்று விற்கிறது. எரிமலைக் கல்லில் செய்த இடிகல்லை வைத்துக்கொண்டு மசாலா இடிக்கிறார்கள், அதன் குழவிக்குப் பெயர் 'கலு'. அதைக் கேட்டதும் எங்கள் குழுவில் ஓர் அம்மாள் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எங்கள் வழிகாட்டியும் மல்பார்தான். என்னைத் 'தொந்தோன்' என்று கூப்பிடுவார், மாமா என்று பொருள். கடைசி நாளுக்கு முந்தின இரவு ஒரு நகல் காகிதத்தைக் கொண்டுவந்தார். தீவுக்கு முதலில் வந்த அவருடைய முன்னோரின் பதிவு. பிரெஞ்சுக் குமாஸ்தாவின் சாய்வெழுத்து. பெயர், தகப்பன் பெயர், வயது எல்லாம் இருந்தன. பிறந்த இடம் 'லா கிராந்த் அல்தே'. அகராதிப்படி அதற்குப் 'பெரிய கிராமம்' என்றுதான் அர்த்தம். "ஏதோ ஒரு பெரிய கிராமம். ஊர்ப் பெயரையே எழுதாமல் விட்டுவிட்டார்கள். நாங்கள் எந்த ஊர் என்று தெரியாமலே போய்விட்டோம்" என்றார். மூன்று தலைமுறையாக அந்த வீட்டில் அப்படித்தான் நம்பியிருக்கிறார்கள்.

காரைக்காலில் பழைய பத்திரம் பார்த்தவர்களுக்கு இதில் புதிர் இல்லை. பிரெஞ்சு ஆட்சியில் காரைக்காலை ஆறு கொம்யூனாகப் பிரித்திருந்தார்கள். அதில் ஒன்றின் பெயரே லா கிராந்த் அல்தே. அது நம் திருமலைராயன்பட்டினம். காரைக்காலிலிருந்து நாகூர் போகும் பஸ்ஸில் ஏறினால் சற்று நேரத்தில் வந்துவிடும் ஊர். மாசி மகத்துக்குத் திருக்கண்ணபுரத்துப் பெருமாள் கடலாட வரும் ஊர்.

நான் சொல்லி முடித்ததும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த ஊர் இப்போதும் இருக்கிறதா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். காகிதத்தின் பின்பக்கத்தில் தமிழில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். அந்த நீளமான பெயரை ஒவ்வொரு எழுத்தாக என்னிடம் கேட்டு, மூன்று தடவை தப்பாகச் சொல்லி, நான்காம் தடவை சரியாகச் சொன்னார்.