எண்ணின் தகுதி: அளவீட்டு நிலைகள் பிறந்த வரலாறு

ஓர் ஓசையின் உரப்பு நமக்கு எவ்வளவாகக் கேட்கிறது என்பதை எண்ணால் அளக்க இயலுமா? உணர்வை அளத்தல் பற்றிய இத்தகைய வினாக்களை ஆராயப் பிரித்தானிய அறிவியல் முன்னேற்றக் கழகம் 1932ஆம் ஆண்டில் ஒரு குழுவை அமைத்தது. இயற்பியலாரும் உளவியலாரும் அதில் இடம்பெற்றனர். ஏழாண்டுகள் வாதிட்டும் அவர்களிடையே உடன்பாடு ஏற்படவில்லை. கோலின் முனையில் மற்றொரு கோலை வைத்து நீளத்தைக் கூட்டிக் காட்டலாம். உணர்வை அவ்வாறு கூட்டிக் காட்ட இயலாது. ஆகவே அது அளவீடு ஆகாது என்பது நார்மன் கேம்பெல் முதலிய இயற்பியலாரின் வாதம். 1940இல் வெளிவந்த இறுதி அறிக்கையும் இப்பூசலைத் தீர்க்கவில்லை.

அக்குழு ஆராய்ந்தவற்றுள் ஒன்று ஆர்வர்டு பல்கலைக்கழக உளவியலார் ஸ்டான்லி ஸ்மித் ஸ்டீவன்ஸ் வகுத்த உரப்பு அளவுகோல். அவர் 1946ஆம் ஆண்டு ஜூன் மாதம் 'சயின்ஸ்' இதழில் தம் மறுமொழியை வெளியிட்டார். விதிக்கு உட்பட்டு எண் வழங்குவது எதுவாயினும் அளவீடே. விதி மாறினால் அளவுகோலின் வகையும் மாறும் என்றார். அவ்வகைகள் நான்கு.

முதலாவது பெயரளவு நிலை. 1891ஆம் ஆண்டு நீரிணைக் குடியேற்றங்களின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'தமிழரும் இந்தியாவின் பிற குடிகளும்' என்பது ஒரு தலைப்பு. இத்தகைய தலைப்புகளுக்கு 1, 2, 3 எனக் குறியீடு இடலாம். ஆயினும் அவற்றுள் உயர்வு தாழ்வு இல்லை. ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் என எண்ணலாம், முகடு காணலாம், அவ்வளவே.

இரண்டாவது வரிசை நிலை. 1812இல் பிரெடெரிக் மோஸ் கனிமங்களை ஒன்றன்மீது ஒன்றைக் கீறிப் பார்த்து, டால்க்கிற்கு 1 முதல் வைரத்திற்கு 10 வரை கடினத்தன்மை எண் வழங்கினார். ஒன்பதாம் இடம் குருந்தத்திற்கு. அதன் ஆங்கிலப் பெயரும் இத்தமிழ்ச் சொல்வழி வந்ததே. குருந்தத்தைவிட வைரம் ஒரு படிதான் மேல். உண்மைக் கடினத்தன்மையிலோ பன்மடங்கு மேல். வரிசை முந்தியது எது என்று சொல்லும். எவ்வளவு முந்தியது என்று சொல்லாது. இங்கு இடைநிலை அளவு பொருந்தும்.

மூன்றாவது இடைவெளி நிலை. செல்சியசு வெப்பமானியில் படிகள் சமம், சராசரி காணலாம். ஆனால் அதன் சுழியம் நாம் வைத்துக்கொண்டது. ஆதலின் 20 பாகை 10 பாகையைப்போல் இருமடங்கு வெப்பம் அன்று. நான்காவது விகித நிலை. நீளம், எடை, கெல்வின் வெப்பநிலை ஆகியவற்றிற்கு உண்மைச் சுழியம் உண்டு. இங்கு மட்டுமே 'இருமடங்கு' என்னும் சொல் பொருள்படும்.

இப்பாகுபாட்டை எல்லாரும் ஏற்கவில்லை. 1953இல் பிரெடெரிக் லார்ட் ஒரு நகைச்சுவைக் கதை எழுதினார். காற்பந்து வீரர்களின் சட்டை எண்கள் வெறும் பெயர்கள். எனினும் தங்களுக்குச் சிறிய எண்களையே வேண்டுமென்று கொடுத்துவிட்டதாக ஓர் அணி முறையிட, அவ்வெண்களின் சராசரியே வழக்கைத் தீர்த்துவைக்கிறது. தாம் எங்கிருந்து வந்தோம் என்பதை எண்கள் அறியா என்பது கதையின் கருத்து. அது மெய்யே, அதனால்தான் அதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

நம் வகுப்பறையையே பாருங்கள். மூன்று மாணவர் 95, 94, 70 மதிப்பெண் பெறுகின்றனர். தரவரிசையில் அவர்கள் 1, 2, 3. முதல் இருவரிடையே வேறுபாடு ஒரு மதிப்பெண். அடுத்த இருவரிடையே 24. வரிசை எண்ணை மட்டும் காணும் பெற்றோர்க்கு இரண்டும் ஒரே படியாகத் தோன்றும். ஒரு மதிப்பெண்ணில் பின்தங்கிய பிள்ளை தோற்றதாக வருந்தும். உதவி வேண்டிய பிள்ளையோ மூன்றாம் இடத்தில் மறைந்துவிடும். கருத்தாய்வுப் படிவத்தில் 'உடன்படுகிறேன்' என்பதற்கு 4 எனவும் 'முழுமையாக உடன்படுகிறேன்' என்பதற்கு 5 எனவும் இட்டுச் சராசரி காணும் மாணவரும், அவ்விரண்டின் இடைவெளி மற்றவற்றிற்குச் சமமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

கணிப்பொறி எந்த எண்ணையும் கூட்டி வகுத்துத் தரும். அவ்வாறு செய்யத் தகுமா என்று கேட்பது ஆசிரியரின் கடமை. மாணவர் முதலில் பழகவேண்டிய வழக்கமும் அதுவே.