இலங்கைப் பெண்டிரும் வாக்குரிமையும்

மக்கள் உரிமைகளின் வரலாற்றினை ஆராய்வோர், சட்டங்களின் பெயர்களையும் அவை நிறைவேறிய ஆண்டுகளையும் நிரல்படுத்துவதோடு அமைந்துவிடுதல் கூடாது. ஓர் உரிமை வழங்கப்படுமுன் அதனை வேண்டி நின்றோர் யாவர், மறுத்து நின்றோர் யாவர், மறுத்தோர் காட்டிய நியாயங்கள் எவை என்பனவும் நுணுகி நோக்கற்பாலன. 1931ஆம் ஆண்டில் இலங்கைப் பெண்டிர் எய்திய வாக்குரிமை இவ்வகை ஆராய்ச்சிக்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும். பிரான்சு நாட்டுப் பெண்டிர் 1944 வரையும் சுவிற்சர்லாந்துப் பெண்டிர் 1971 வரையும் இவ்வுரிமைக்காகக் காத்திருக்க நேர்ந்தமையை எண்ணுமிடத்து, பிறர் ஆட்சிக்குட்பட்டிருந்த இச்சிறு தீவு முற்பட்டு அடைந்த பேற்றின் அருமை புலனாகும்.

1924ஆம் ஆண்டின் அரசியற்றிட்டத்தின்கீழ் வாக்குரிமை பெற்றிருந்தோர் சனத்தொகையில் நூற்றுக்கு நால்வர் அளவினரே. எழுத்தறிவும், அதனோடு வருமானம் அல்லது சொத்துத் தகுதியும் உடைய ஆடவர்க்கே அது வாய்த்திருந்தது. எத்துணைக் கல்வியும் செல்வமும் உடையவளாயினும், பெண் என்னும் ஒரே காரணத்தால் ஒருத்தி வாக்காளர் இடாப்பினுட் புகமுடியாதிருந்தாள். வைத்தியம் பயின்று நோயாளர் உயிரைக் காத்த மாதர்க்கும், பாடசாலைகளை நடாத்திய மாதர்க்கும் இந்நிலையே.

இக்காலத்திற் பிறநாடுகளில் வீசிய காற்று இலங்கையையும் தீண்டாதிருக்கவில்லை. பிரித்தானியப் பெண்டிர் நெடுங்காலம் விண்ணப்பங்கள் விடுத்தும் பயன் காணாமையால் வீதிக்கு வந்தனர். கண்ணாடிச் சாளரங்களை உடைத்துச் சிறை புகுந்தனர். சிறையில் உணவு மறுத்தனர். 1918இல் முப்பது வயது நிரம்பிய பெண்டிர்க்கு, சில தகுதிகளின் பேரில், அங்கு வாக்குரிமை கிட்டியது. அண்டை நாடாகிய இந்தியாவில் சென்னை மாகாணப் பெண்டிர் 1921இலேயே வரையறுத்த வாக்குரிமையைப் பெற்றனர். மருத்துவர் முத்துலட்சுமி அம்மையார் 1927இல் அம்மாகாணச் சட்டசபையின் துணைத்தலைவராகத் தெரிவுசெய்யப்பட்டார். இவையனைத்தும் இலங்கைக் கற்றோர் அறிந்த செய்திகளே.

1925இல் இலங்கைத் தேசிய காங்கிரசின் ஆண்டுக் கூட்டத்திலே, பெண்டிர்க்கு வரையறுத்த வாக்குரிமையேனும் வழங்கப்படல் வேண்டுமென்னும் தீர்மானத்தைத் திருமதி அக்னஸ் டி சில்வா கொணர்ந்தார். ஆயினும் இக்கோரிக்கை வலுப்பெற்றது 1927இலேயாம். அவ்வாண்டு நவம்பர் மாதத்தில், டொனமூர்ப் பிரபுவைத் தலைவராகக் கொண்ட ஆணைக்குழு, அரசியற் சீர்திருத்தம் பற்றி ஆராயுமாறு இலங்கை வந்தடைந்தது. அடுத்த மாதமே மாதர் வாக்குரிமைச் சங்கம் கொழும்பில் நிறுவப்பட்டது. டயஸ் பண்டாரநாயக்கா சீமாட்டி தலைவராகவும் திருமதி அக்னஸ் டி சில்வா செயலாளராகவும் அமைந்தனர். கனடாவிற் பிறந்து தமிழர் ஒருவரை மணந்து இலங்கையையே தம் நாடாகக் கொண்ட மருத்துவர் மேரி இரத்தினம், மருத்துவர் நல்லம்மா சத்தியவாகீசுவர ஐயர் முதலியோரும் இம்முயற்சியில் முன்னின்றனர். சிங்களரும் தமிழரும், பௌத்தரும் சைவரும் கிறித்தவரும் ஒருங்கு கூடி உழைத்தமை இச்சங்கத்தின் தனிச்சிறப்பு எனலாம்.

இச்சங்கத்தார் ஆணைக்குழுவின்முன் தோன்றிச் சான்று பகர்ந்த நிகழ்ச்சி நினைவிற் கொள்ளத்தக்கது. தோட்டங்களில் வேலைசெய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமென்று கருதுகின்றீர்களோ என டொனமூர்ப் பிரபு வினவினார். அவர்களும் பெண்களே, ஆதலின் அவர்களுக்கும் வேண்டும் என்று தாம் தயக்கமின்றி விடையிறுத்ததாகத் திருமதி அக்னஸ் டி சில்வா பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். இரண்டாண்டுகளுக்குமுன் வரையறுத்த உரிமையைக் கோரியவர் இவரே என்பதை நினையுமிடத்து, அவரது கருத்து எத்துணை விரிவடைந்துவிட்டது என்பது தெளிவாகும். சங்கத்தார் பெரும்பாலும் உயர்குடிப் பிறந்த, ஆங்கிலங் கற்ற மாதர். கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தியைத் தம்மோடு ஒப்பவைத்து எண்ணியமை அக்காலத்துக்குப் பெருந்துணிவேயாம். ஆடவர் தலைவர்களுள் மிகப்பலர் இத்துணிவைக் காட்டினாரல்லர். காங்கிரஸ் தலைவர்கள் சர்வசன வாக்குரிமையை விரும்பவில்லை. தொழிலாளர் தலைவர் ஏ. ஈ. குணசிங்காவே அதனை வற்புறுத்தி நின்றார்.

எதிர்த்தோருள் முதன்மையானவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் ஆவர். சைவ உலகம் என்றும் நன்றியோடு போற்றும் இப்பெரியார் 1913இல் மருதனார்மடத்திலே பெண்களுக்கெனத் தனிக்கல்லூரி நிறுவியவர். பெண்கல்விக்குப் பெருநிதி செலவிட்ட அவரே பெண்கள் வாக்களித்தலை மறுத்தார். இது முரண்பாடன்றோ என்று வினவுதல் இயல்பே. அவர் கருத்தினை ஊன்றி நோக்கின் முரண்பாட்டின் வேர் புலப்படும். கல்வி என்பது பெண்ணை இல்லறத்திற்கும் சமயவொழுக்கத்திற்கும் தகுதியுடையவளாக்கும் கருவி என்பதே அவர் கொள்கை. மனையே பெண்ணின் ஆட்சிக்குரிய இடம். அரசியற் பூசல் அங்கு நுழையின் குடும்ப அமைதி குலையும் என்று அவர் அஞ்சினார். சாதி, செல்வம் என்னும் வேறுபாடுகளை நோக்காது யாவர்க்கும் வாக்களித்தலையும் அவர் இதே மனப்பாங்குடன் எதிர்த்தார். பெரியார் ஒருவரின் தொண்டினைப் போற்றுதலும், அவர் கருத்தொன்றை ஏற்க இயலாதென உரைத்தலும் ஒன்றற்கொன்று மாறானவை அல்ல. வரலாறு கற்போர் இரண்டினையும் செய்யக் கடமைப்பட்டவர்.

எதிர்ப்பாளர் கூறிய நியாயங்களைத் தொகுத்து நோக்கின் அவை மூன்றாகும். பெண்கள் இவ்வுரிமையை விரும்பவில்லை என்பது ஒன்று. அதனைப் பயன்படுத்தும் அறிவு அவர்க்கில்லை என்பது மற்றொன்று. அது மரபுக்கு மாறானது என்பது மூன்றாவது. முதலாவதற்குச் சங்கத்தின் தோற்றமே தக்க விடையாயிற்று. இரண்டாவது நியாயம் ஆடவர்க்கும் பொருந்துவதொன்றே. எழுத்தறிவில்லாத ஆடவனுக்கு வாக்களித்துக் கற்ற பெண்ணுக்கு மறுத்தல் எவ்வாற்றானும் பொருந்தாது. மூன்றாவதே ஆழமானது. எனினும் வாக்குச்சீட்டு என்பதே நம் மரபிற்குப் புதிதாக வந்ததொன்று. ஆடவர் அதனைக் கைக்கொண்டபோது குலையாத மரபு பெண்டிர் கைக்கொள்ளும்போது மட்டும் குலையும் என்பது எங்ஙனம்?

1928இல் வெளியான ஆணைக்குழுவின் அறிக்கை, இருபத்தொரு வயது நிரம்பிய ஆடவர்க்கும் முப்பது வயது நிரம்பிய பெண்டிர்க்கும் வாக்குரிமை வழங்கலாமென விதந்துரைத்தது. அவ்வாண்டிலேயே பிரித்தானியாவில் இருபாலார்க்கும் வயதெல்லை ஒன்றாக்கப்பட்டது. ஈற்றில் இலங்கையிலும் இருபாலார்க்கும் இருபத்தொரு வயதே எல்லையாயிற்று. 1929 டிசம்பரில் டொனமூர்த் திட்டம் முழுவதும் சட்டநிரூபண சபையின் முடிவுக்கு வந்தபோது, சார்பாகப் பத்தொன்பது வாக்குகளும் எதிராகப் பதினேழு வாக்குகளும் கிடைத்தன. இருவர் மறுபுறம் சாய்ந்திருப்பின் இந்நாட்டின் வரலாறு வேறாகியிருக்கும்.

1931 ஜூன் மாதத்தில் அரசாங்க சபைக்கு முதற்றேர்தல் நிகழ்ந்தது. ஆனால் யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை என்னும் நான்கு தொகுதிகளில் எவரும் வேட்பாளராக நிற்கவில்லை. டொனமூர்த் திட்டம் முழுச் சுயராச்சியம் தரவில்லை என்பதனால் யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரிக்கத் தீர்மானித்தமையே காரணம். உயர்ந்த நோக்கத்தோடு செய்யப்பட்ட தியாகமே அது. எனினும் அத்தொகுதிகளில் வாழ்ந்த பெண்டிர், வரலாற்றில் முதன்முறையாகத் தம் பெயர் இடாப்பில் ஏறியும், வாக்களிக்க வாய்ப்பின்றி மூன்றாண்டுகள் இருக்க நேர்ந்தது. 1934இலேயே அத்தொகுதிகளின் இடங்கள் நிரப்பப்பட்டன. பகிஷ்கரிப்பைப் பற்றிய வாதங்களிற் பெண்டிர் இழந்த இவ்வாய்ப்புப் பெரிதும் பேசப்படாதது வியப்பிற்குரியது.

வாக்களிக்கும் உரிமையோடு சபையில் அமரும் உரிமையும் வந்தது. 1931 நவம்பரில் உருவன்வெல்லைத் தொகுதியின் இடைத்தேர்தலில் வென்று அடலின் மொலமூரே அம்மையார் முதற் பெண் உறுப்பினரானார். அடுத்த ஆண்டு வட கொழும்புத் தொகுதியில் நேசம் சரவணமுத்து அம்மையார் வென்றார். முன்னவர் தந்தையார் வகித்த இடத்தையும் பின்னவர் கணவர் இழந்த இடத்தையும் நிரப்பியவர் என்பது உண்மையே. ஆயினும் நேசம் அம்மையார் 1936இன் பொதுத்தேர்தலிலும் வென்று, 1941இல் இறக்கும்வரை உறுப்பினராய் விளங்கினார். 1960இல் உலகின் முதற் பெண் பிரதமராகப் பதவியேற்ற சிறிமாவோ பண்டாரநாயக்கா, மாதர் வாக்குரிமைச் சங்கத்தின் தலைவராயிருந்த சீமாட்டியின் மருமகளே.

இவ்வரலாற்றின் ஒளிமிக்க பக்கத்தோடு இருண்ட பக்கத்தையும் கூறாதொழிதல் நேர்மையாகாது. அவர்களும் பெண்களே என்று எவரைக் குறித்து ஆணைக்குழுவின்முன் கூறப்பட்டதோ, அத்தோட்டப் பெண்களுட் பெரும்பாலோர் சுதந்திரத்தின்பின் அவ்வுரிமையை இழந்தனர். 1948இன் பிரசாவுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தற் சட்டத் திருத்தமும் அவர்களையும் அவர்தம் ஆடவரையும் இடாப்பிலிருந்து நீக்கின. பலர்க்கு அது மீளப் பல பத்தாண்டுகள் சென்றன. 2003ஆம் ஆண்டிலும் இதற்கெனச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. பால் வேற்றுமையைக் காட்டி மறுக்கவியலாத உரிமை, பிறப்பு வேற்றுமையைக் காட்டிப் பறிக்கப்பட்டது.

சபையினுள்ளும் சமத்துவம் விரைந்து வரவில்லை. பெண்டிர் வாக்காளருட் பாதியினராயிருந்தும், 2020 வரையிற் பாராளுமன்றத்தில் அவர் தொகை நூற்றுக்கு எழுவர் என்னும் அளவைக் கடந்ததில்லை. உள்ளூராட்சி மன்றங்களிற் பெண்களுக்கு நாலிலொரு பங்கு ஒதுக்கும் ஏற்பாடு 2018இன் தேர்தலிலேயே முதன்முதற் செயற்பட்டது.

இலங்கைப் பெண்டிர்க்கு வாக்குரிமை போராடாது கிடைத்த கொடை என்று கூறுவோர் உளர். சாளரம் உடையவில்லை, சிறை நிரம்பவில்லை என்பது மெய்யே. ஆயினும் மதிப்புடைய பெரியோர் பலர் மறுத்து நின்ற காலத்தில், அவர்முன் எழுந்து நின்று தம் வேண்டுகோளைத் தெளிவுறச் சொல்லிய துணிவும் போராட்டமேயாகும். அவர்கள் பெற்றுத்தந்தது ஒரு தொடக்கம். தோட்டத்துப் பெண்ணையும் ஒப்ப எண்ணிய அவ்விடையின் பொருளை முற்றாக நிறைவேற்றுதல் பின்வந்தோர் கடனாக எஞ்சி நிற்கின்றது.