குழாயின் ஆயுளும் நம் ஆயுளும்



நகரம் புதுப்பிக்கப்படும்போது யாருடைய உயிர் கணக்கில் ஏறாமல் போகிறது என்பதை இந்த நினைவு நாளில் பேச விரும்புகிறோம்.

2005 டிசம்பரில் ஒன்றிய அரசு ஜவாஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, கோவை அதில் இடம்பெற்றன. கட்டுமானச் செலவை மட்டும் காட்டினால் போதாது, இயக்கவும் பராமரிக்கவும் ஆகும் செலவையும் சேர்த்து 'வாழ்நாள் செலவு' கணக்கிட வேண்டும் என்று அதன் வழிகாட்டு நெறிகள் கூறின. நல்ல விதிதான். மலிவான மோட்டார் ஆண்டுக்கணக்கில் மின்சாரத்தைத் தின்றால் அது மலிவு அல்ல.

பாதாளச் சாக்கடைக்கு இதே கணக்கைப் போட்டுப் பார்ப்போம். குழாயின் ஆயுளுக்கும் பம்புக்கும் மின்சாரத்துக்கும் தொகை உண்டு. அடைப்பு எடுப்பது 'பராமரிப்பு' என்ற ஒரே சொல்லில் முடிந்துவிடும். அந்தச் சொல்லுக்குள்தான் ஒப்பந்தக்காரர் இறக்கிவிடும் ஆள் இருக்கிறார். தமிழ்நாட்டில் அவர் பெரும்பாலும் அருந்ததியர்.

சட்டமும் அவரை மெதுவாகவே கண்டது. 1993ஆம் ஆண்டுச் சட்டம் உலர் கழிப்பிடங்களைப் பற்றியே பேசியது. பாதுகாப்புக் கருவியின்றிச் சாக்கடைக்குள்ளும் கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் ஆளை இறக்குவதைத் தடைசெய்ய 2013ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. 1993 முதல் இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் தர உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் ஆணையிட்டது. சஃபாய் கர்மசாரி அந்தோலன் நடத்திய வழக்கின் பலன் அது. 2023 அக்டோபரில் அத்தொகை 30 லட்சமானது.

இந்தத் தொகை மரணத்துக்குப் பிறகு வேறொரு தலைப்பில் வழங்கப்படுகிறது. திட்ட மதிப்பீட்டில் அது ஏறுவதில்லை. நுரையீரல் கெட்டவரின் மருத்துவச் செலவும், படிப்பை விட்ட பிள்ளையின் இழப்பும் எங்குமே ஏறுவதில்லை. ஆகவே எந்த ஒப்பந்தப்புள்ளியிலும் இயந்திரம் விலை கூடியதாகவும், மனிதர் மலிவாகவும் தெரிகிறார். அடைப்பெடுக்கும் ரோபோ 2018இலேயே திருவனந்தபுரத்தில் இறங்கிவிட்டது. கருவி இல்லை என்பது இனியும் காரணமாகாது. சாதிதான் இந்த மலிவு விலையை நிர்ணயித்து வைத்திருக்கிறது.

நாம் கூடியிருக்கும் அடி அண்ணாமலை, 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் உள்ள ஊர். பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் இவ்வழியே நடக்கிறார்கள். கார்த்திகை தீபத்தன்று கூட்டம் பல மடங்காகிறது. அவர்கள் வீடு திரும்பிய பிறகு பாதையையும் கழிப்பறைகளையும் தூய்மைப் பணியாளர்கள்தான் மீட்டெடுக்கிறார்கள். திருவண்ணாமலை 2024இல் மாநகராட்சியானது. நகரம் விரிய விரியக் குழாய்களும் தொட்டிகளும் பெருகும்.

எனவே மாணவத் தோழர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறோம். புதுப்பிப்புத் திட்டம் பிறந்த அதே 2005இல்தான் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் வந்தது. உங்கள் ஊரின் திட்ட அறிக்கையை அதன் மூலம் கேட்டு வாங்குங்கள். பராமரிப்பு அத்தியாயத்தைத் திறந்து மூன்று கேள்விகள் கேளுங்கள்: அடைப்பை எடுப்பது யார்? எந்த இயந்திரத்தால்? அதற்கான பணம் எத்தனை ஆண்டுகளுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது? இவற்றுக்குப் பதில் இல்லாத மதிப்பீட்டை, ஒரு குழி தோண்டப்படும் முன்பே நாம் எதிர்க்க வேண்டும்.