பழனி மிருதங்கம் மிடில்டவுன் போன கதை

பாடகி கோயம்புத்தூர் தாயியின் குரல் இசைத்தட்டில் ஏறிப் பாரிஸ் வரை போனதையும், அதைக் கேட்டு மயங்கிய மோரிஸ் தெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் ‘ராகமாலிகா’ என்றே பெயர் வைத்துப் பியானோவுக்கு ஒரு படைப்பு எழுதியதையும் போன வாரம் பார்த்தோம். தாயி போகவில்லை, தட்டுதான் போனது. இந்த வாரம் ஆட்களே கடல் தாண்டிய கதை. ஓர் அக்கா, இரண்டு தம்பிகள்.

அக்கா, நாட்டியக் கலைஞர் தஞ்சாவூர் பாலசரஸ்வதி. வீணை தனம்மாளின் பேத்தி, ஜெயம்மாளின் மகள். தம்பிகள் ரங்கநாதனும் விஸ்வநாதனும். ரங்கா மிருதங்கம், விஸ்வா புல்லாங்குழல். தஞ்சைக் குடும்பத்துக்கு இந்தக் கொங்குத் தொடரில் என்ன வேலை என்று கேட்பீர்கள். ரங்கநாதனின் குரு பழனி சுப்பிரமணிய பிள்ளை. பழைய கொங்கின் இருபத்துநான்கு நாடுகளில் ஒன்றான வையாபுரி நாட்டின் தலைமை ஊர் பழனிதான். இடக்கை வாசிப்பாளராக இருந்தும் அசாத்திய நாதம் எழுப்பியவர் சுப்பிரமணிய பிள்ளை. அந்தக் கையின் பாடம்தான் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், ஆற்றங்கரைச் சிற்றூரான மிடில்டவுனில் வேர் பிடித்தது.

பாலசரஸ்வதி 1925இல், ஏழு வயதில், காஞ்சிபுரம் கோயிலில் அரங்கேறியவர். 1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டத்தின் நோக்கம் நியாயமானதுதான். ஆனால் தலைமுறை தலைமுறையாக நாட்டியக் கலையைச் சுமந்த, பாலாவினுடையதைப் போன்ற தேவதாசிக் குடும்பத்துப் பெண்களுக்கு மேடையும் மரியாதையும் குறைந்துபோனதை அந்த நியாயம் ஈடுகட்டவில்லை. நாட்டியம் வேறு வீடுகளுக்குக் குடிபோனது. பாலா விடவில்லை. ஆடிக்கொண்டே பதம் பாடினார், பாடிக்கொண்டே அபிநயம் பிடித்தார். ஆட்டமும் பாட்டும் தாளமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பது அந்தக் குடும்பத்தின் பிடிவாதம்.

முதலில் கடல் தாண்டியவர் விஸ்வநாதன். 1958இல் ஃபுல்பிரைட் கல்வி உதவித்தொகையில் லாஸ் ஏஞ்சல்ஸ் போனார். 1962இல் பாலாவின் முதல் அமெரிக்கப் பயணம். மாசசூசெட்ஸின் புகழ்பெற்ற ஜேக்கப்ஸ் பில்லோ நடன விழாவில் அவர் ஆடினார். அடுத்த ஆண்டே ரங்கநாதன் மிடில்டவுனின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மிருதங்க ஆசிரியரானார். அங்கே உலக இசைத் துறையைக் கட்டி எழுப்பிய ராபர்ட் பிரவுன், ரங்கநாதனிடமே மிருதங்கம் பயின்றவர்.

வேற்று மண்ணில் சொந்த இசையைக் காப்பது புதிதல்ல. சிகாகோவில் போலீஸ் தலைவராக இருந்த ஐரிஷ்காரர் ஃபிரான்சிஸ் ஓ’நீல், குடியேறிய தம் மக்களிடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்த 1,850 மெட்டுகளை 1903இல் புத்தகமாக்கினார். ஆனால் அவரைச் சுற்றிப் பெருங்கூட்டமாக ஐரிஷ் மக்கள் இருந்தார்கள். ரங்கநாதன் போனபோதோ, இந்தியர்களுக்கு அமெரிக்கா ஒதுக்கிய குடியேற்ற இடம் ஆண்டுக்கு வெறும் 100. சட்டம் மாறியது 1965இல்தான். ஆகவே இந்த மூவரும் கற்றுக்கொடுத்தது, தமிழே தெரியாத அமெரிக்கப் பிள்ளைகளுக்கு. இதைத்தான் நான் பெரிய காரியமாக நினைக்கிறேன்.

ரங்கநாதனின் வகுப்பில் சொற்கட்டுக்குத்தான், அதாவது தாளச் சொற்களை வாயால் சொல்வதற்குத்தான், முதல் மரியாதை. வலக்கையால் ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று எண்ணிக்கை, அதன்பின் தட்டு வீச்சு, தட்டு வீச்சு. ஆதி தாளம் கையில் ஓடிக்கொண்டே இருக்க, வாய் ‘தகதிமி தகஜுணு’ சொல்ல வேண்டும். அவரிடம் அப்படிப் பயின்ற டேவிட் நெல்சன் பின்னாளில் அங்கேயே ஆசிரியராகி, 2008இல் சொற்கட்டுக்கென்று ஒரு பாடநூலே வெளியிட்டார்.

விஸ்வநாதனின் பாணி வேறு. கச்சேரி நடுவில் குழலைக் கீழே வைத்துவிட்டு வாய்ப்பாட்டாகவே பாடுவார். பதத்தின் சொல் காதில் விழ வேண்டும் என்பது பாட்டி வீட்டுப் பழக்கம். அவரிடம் பாடக் கற்ற ஜான் ஹிக்கின்ஸ், திருவையாறு தியாகராஜ ஆராதனையில் பாடி ‘ஹிக்கின்ஸ் பாகவதர்’ ஆனார். தமிழ்நாடே அவரைக் கொண்டாடியது. 1984 டிசம்பரில், குடித்துவிட்டு ஓட்டிய ஒருவரின் வாகனம் மோதி, அதே மிடில்டவுன் தெருவில் இறந்தார். அதே ஆண்டு பிப்ரவரியில்தான் பாலசரஸ்வதி சென்னையில் காலமாகியிருந்தார்.

விஸ்வநாதன் 1975இல் வெஸ்லியனிலேயே முனைவர் பட்டம் பெற்றார். அதன்பின் அண்ணனும் தம்பியும் சேர்ந்து அங்கே நவராத்திரி விழாவைத் தொடங்கினார்கள். கச்சேரி, நாட்டியம், முடிவில் சரஸ்வதி பூசை. நம்மூரில் ஆயுத பூசையன்று லேத்துக்கும் தறிக்கும் சந்தனப் பொட்டு வைப்பதுபோல, அங்கே வருகிறவர்கள் தங்கள் வாத்தியங்களையும் ஏடுகளையும் கொண்டுவந்து பூசையில் வைக்கலாம். பிற்காலத்தில் அந்தப் பக்கம் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கும் அதுவே பண்டிகை ஆனது. தங்களுக்கு முன்பே அங்கே தம் ஊர்ப் பாட்டு குடியிருந்ததை அவர்கள் கண்டார்கள்.

ரங்கநாதன் 1987இல் மறைந்தார். விஸ்வநாதனுக்கு 1992இல் அமெரிக்க அரசின் தேசிய மரபுக்கலைஞர் விருது கிடைத்தது. 2002 செப்டம்பரில் அவரும் காலமானார். விழா நிற்கவில்லை. மாணவர்களும் மாணவர்களின் மாணவர்களும் நடத்தினார்கள்.