கடல் கடந்த படைஞரும் திருநீறும்

ஆரணி என்ற அளவிலே பட்டுத்தறியின் ஓசையே யாவர்க்கும் நினைவில் எழும். கமண்டல நாகநதியின் பாங்கர் அமைந்த இவ்வூரிற் பாவோடுவோரும் தார் சுற்றுவோரும் சாயந் தோய்ப்போருமாகக் குடிகள் பல தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. கைலாசநாதப் பெருமான் திருக்கோயிலும் ஈண்டுள்ளது. இவ்வூர்க்குப் படை வரலாற்றில் ஓர் இடம் உண்டென்பதைப் பலர் நினைப்பதில்லை. ஆர்க்காட்டு முற்றுகை நீங்கிய பின்னர், 1751-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 3-ஆம் நாள், கிளைவ் என்பான் சந்தாசாகிபின் மகனான இராசாசாகிபையும் அவனுக்குத் துணைவந்த பிரெஞ்சுப் படையையும் வென்றது இவ்வாரணிக்கு அண்மையிலேயாம். பிரெஞ்சுக்காரரிடம் பயிற்சி பெற்ற சிப்பாய்கள் பலர் அப்போரின் பின் கட்சி மாறி வந்தனர். நல்ல துப்பாக்கியோடு வந்தோரை மட்டுமே கிளைவ் ஏற்றுக்கொண்டான், அவர்தொகை 600. பின்னர் 1758-ஆம் ஆண்டு தொடங்கி இத்தகைய சிப்பாய்க் கூட்டங்களைப் பட்டாளங்களாக வகுத்தனர் கும்பினியார். தமிழரும் தெலுங்கரும் இசுலாமியரும் விரவிய சென்னைப் படை இங்ஙனம் உருவாயிற்று.

அப்படை கடல் கடக்க நெடுநாள் ஆகவில்லை. 1762-ஆம் ஆண்டு சென்னையினின்றும் புறப்பட்ட கப்பல்கள் செப்டம்பர்த் திங்களில் மணிலாவை அடைந்தன. அக்டோபர் 6-ஆம் நாள் அந்நகர் வீழ்ந்தது. இசுபானியர்க்குரிய அந்நகரில் ஆங்கிலேயர் 1764 வரை தங்கினர். அவரோடு நம் சிப்பாய்களும் தங்கினர்.

கூலிக்குப் பிறர் நாட்டைப் பிடிக்கச் சென்றாரைச் சைவர் எண்ணிப் பார்ப்பது எற்றுக்கு என வினவுவார் உளர். அப்போர்களின் நீதியை ஈண்டு ஆராய்கின்றேமல்லேம். வயிற்றுக்காகப் படையிற் புகுந்த எளியோர், தாய்நாட்டுக் கோயிலும் சுற்றமும் விட்டு ஆயிரங் காவதம் அகன்றபோது, அவர்தம் சமயம் என்னாயிற்று என்பதே நம் வினா. இஃது அவர்க்கே உரிய வினாவன்று. கடல் கடந்து வாழுஞ் சைவர் அனைவர்க்கும் உரியது.

கடற்பயணமே குற்றம் என்பது மிருதி நூலோர் சிலர் கொள்கை. போதாயன தருமசூத்திரம் அதனைச் சாதியினின்றும் வீழ்விக்கும் செயல்களுள் வைத்து எண்ணும். தமிழ்ச் சைவர் இத்தடையைப் பெரிதாகக் கொண்டிலர். இராசேந்திர சோழன் 1025-ஆம் ஆண்டளவிற் கடாரத்தின்மேற் கலஞ் செலுத்தினான். அதனால் அவன் சிவபத்தி குறைவுற்றதென எவரும் மொழிந்திலர். நாகையின் அதிபத்த நாயனார் கடலின்மேல் நின்றே வீடு பெற்றார். ஆகவே தடை கடலில் இல்லை. கடலில் ஒருவன் தன் நாட்கடனை ஆற்றுதற்கு உள்ள இடையூற்றிலேயே உள்ளது.

சைவனுக்கு நாட்கடன் யாது? விடியலில் எழுதல், நீராடல், நீறணிதல், ஐந்தெழுத்து ஓதல், வழிபட்டு உண்ணல் என்பன. கப்பலில் நன்னீர் அளந்து கொடுக்கப்படுவது. அது பருகுதற்கே போதாது. பலர் நெருங்கியிருக்கும் மரக்கலத்தில் தனியடுப்பு மூட்டுதலும் அரிது. ஆசாரம் உடைய சிப்பாய்கள் கப்பலிற் சமைத்துண்ணாது வறுத்த தானியங்களை உண்டு நாட்கழித்தனர் என்பது அக்காலத்தார் குறிப்புக்களால் விளங்கும். உணவுக்கு இங்ஙனம் வழி கண்டனர். நீராட்டுக்கு வழி என்னையெனின், அதனை ஆகமங்கள் முன்னரே வகுத்துள்ளன. நீரில் மூழ்கும் வாருணம் ஒன்றே நீராட்டன்று. திருநீற்றை உடலிற் பூசுதல் ஆக்கினேயம் எனப்படும். மந்திரத்தால் தூய்மை செய்தல் மாந்திரம். மனத்தால் நினைதல் மானசம். நோயுற்றோர்க்கும் வழிச்செல்வோர்க்கும் நீர் பெறாதார்க்கும் இவை உதவுவன. ஆகவே நீரில்லாத படைஞனுக்கு எஞ்சிய நீராட்டு ஒருபிடி நீறே. இதனை உள்ளத்திற்கொண்டு, வேலூரில் நிகழ்ந்ததை இனி நோக்குக.

ஆரணிக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர் வடக்கே உள்ளது வேலூர்க் கோட்டை. அதனுட் சலகண்டேசுவரர் திருக்கோயில் எழில்மிக்க கலியாண மண்டபத்தோடு நிற்கின்றது. ஆனால் கும்பினியார் காலத்தில் அதனுள் மூலமூர்த்தி இல்லை. கோயில் படைக்கலம் வைக்கும் கொட்டிலாயிற்று. பெருமான் மீண்டும் ஆங்கு எழுந்தருளியது 1981-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களிலேயாம். இறைவனில்லாத அக்கோபுரத்தின் நிழலிலே காவல் புரிந்த சிப்பாய்களுக்கு, 1805-ஆம் ஆண்டின் இறுதியிலும் 1806-இன் தொடக்கத்திலும், படைத்தலைவர் சர் சான் கிராடக்கு என்பார் காலத்தில் புதிய விதிகள் வந்தன. சீருடை அணிந்திருக்கையில் நெற்றியிற் சமயக்குறி இடலாகாது, காதணி ஆகாது, தாடி மழிக்கப்படல் வேண்டும், மீசை ஒரேவகையாகத் திருத்தப்படல் வேண்டும், தோற்குஞ்சம் பொருந்திய புதுத் தலைப்பாகை அணிதல் வேண்டும் என்பன அவை. அணிவகுப்பிற் பட்டாளம் ஒருதன்மைத்தாய்க் காணப்படல் வேண்டும் என்பதே அவர் கருத்து. நெற்றிநீற்றை ஓர் அழுக்கென்றோ ஒப்பனையென்றோ கருதினர் போலும். அது நீராட்டென்றும் காப்பென்றும் அறிந்தாரில்லை.

மறுத்தோர் கசையடி பெற்றனர். சூலை 10-ஆம் நாள் விடியற்குமுன் கோட்டை கிளர்ந்தெழுந்தது. வெள்ளைச் சிப்பாய்களும் அதிகாரிகளும் நூற்றுவர்க்கு மேற்பட்டோர் மாண்டனர். அன்று காலையே ஆர்க்காட்டிலிருந்து குதிரைப்படையோடு விரைந்துவந்த கில்லெசுபி கோட்டையை மீட்டான். அவன் படையால் இறந்த சிப்பாய்கள் ஏறக்குறைய 350 பேர். கோட்டையுட் சிறைவைக்கப்பட்டிருந்த திப்புவின் மக்களை முன்னிட்டு எழுந்த அரசியற் சூழ்ச்சியும் இதனுட் கலந்திருந்தது. அதனை மறைத்தல் வரலாற்றுக்கு அடாது. தாடியை இழக்க அஞ்சிய இசுலாமியரும் நீற்றையும் நாமத்தையும் இழக்க அஞ்சிய நம்மவரும் அன்று ஒன்றி நின்றனர் என்பதும் மறக்கத்தகாதது. விதிகள் உடனே மீட்கப்பட்டன. ஆளுநர் பெண்டிங்குப் பிரபுவும் கிராடக்கும் 1807-ஆம் ஆண்டிற் சீமைக்குத் திருப்பி அழைக்கப்பட்டனர்.

இவ்விடத்துச் சேக்கிழார் பெருமான் காட்டும் சிறுத்தொண்டர் வரலாற்றை நினைவுகூர்தல் தகும். பரஞ்சோதியார் பல்லவன் படைத்தலைவராய் வாதாபியைத் துகளாக்கி மீண்டார். வாதாபி வீழ்ச்சி 642-ஆம் ஆண்டளவினது என்பர் வரலாற்றாசிரியர். வென்று வந்தவர் சிவனடியார் என அமைச்சர் வாயிலாக அறிந்த மன்னன், அவர் திருத்தொண்டை அறியாது போர்க்கு ஏவிய பிழையைப் பொறுத்தருள வேண்டிப் பெருநிதி கொடுத்து விடைகொடுத்தான். அவர் செங்காட்டங்குடிக்கு மீண்டு, அடியார்க்கு அமுதூட்டியன்றித் தாம் உண்ணா நியமம் பூண்டனர். ஒருவன் அடியவனைப் படையில் வைத்ததற்கே நடுங்கினான். ஒருவன் படையிலுள்ளானது நீற்றை அழிக்க ஆணையிட்டான். இருவரும் ஆண்டது இத்தொண்டை நாட்டையே.

வேலூரை அடக்கிய கில்லெசுபியை மீண்டும் சாவகத்திற் காண்கின்றோம். 1811-ஆம் ஆண்டு, சென்னைப் படைத்தலைவர் ஆச்சுமுட்டி தலைமையிற் சென்ற படை ஆகஸ்டு 4-ஆம் நாள் ஆங்கு இறங்கிற்று. சிப்பாய்களுட் பெரும்பாலார் வங்கப் படையினர். சென்னைப் பயனியர் முதலானோரும் உடன்சென்றனர். கார்னெலிசு அரணை ஆகஸ்டு 26-ஆம் நாள் பிடித்ததில் முன்னின்றவன் கில்லெசுபியே. அப்படையின் தலைமைப் பொறியாளர் காலின் மெக்கன்சி. நம் நாட்டு ஏடுகளையும் கல்வெட்டுக்களையும் ஊர் வரலாறுகளையும் தொகுத்துவைத்த மெக்கன்சி துரை இவரே. 1812-ஆம் ஆண்டு சனவரியில் இவர் பிரம்பானம் என்னும் இடத்து இடிபாடுகளைச் சென்று கண்டார்.

ஆங்குள்ளது ஒன்பதாம் நூற்றாண்டின் சிவாலயம். நடுக்கோயில் சிவபிரானுக்கு உரியது. கிழக்கு நோக்கிய கருவறையில் மகாதேவர், தெற்கில் அகத்திய முனிவர், மேற்கில் விநாயகர், வடக்கில் மகிடனை அட்ட கொற்றவை. தெற்கில் அகத்தியர் நிற்பதைத் தமிழர் உவகையோடு நோக்குவர் அன்றோ! அக்காலத்து அக்கோயில் கற்குவியலாய்க் காடடர்ந்து கிடந்தது. நடுக்கோயில் செப்பமுற்றது 1953-இலேயாம். பேக்கர் என்னும் படையதிகாரி அவ்விடிபாடுகளை அளந்தபொழுது உடனிருந்த பிராமணச் சிப்பாய் ஒருவர், இவற்றுக்கு ஒப்பானவை இந்தியாவில் இல்லை, இவை தேவர் செய்தனவே என வியந்தனர் எனத் தம் சாவக வரலாற்றில் இராபிள்சு எழுதிவைத்தார். அவர் தஞ்சையும் கங்கைகொண்ட சோழபுரமும் கண்டிலர் போலும்! அஃதிருக்க. பகைநாடென்று வந்திறங்கிய இடத்திலே, காட்டின் நடுவே, தாம் வணங்கும் தெய்வங்கள் நிற்கக் கண்ட படைஞர் உள்ளம் எத்தன்மைத்தாயிருக்கும்! 1815-இல் அத்தீவிலிருந்த வங்கச் சிப்பாய்கள் சுராகார்த்தா மன்னனோடு கூடிச் சூழ்ந்தனர் என ஒரு வழக்கு எழுந்தது. அம்மன்னன் அவர்தம் பூசைகளில் ஈடுபாடு கொண்டிருந்தான் என்பதும் அதனால் அறியப்படும். தெய்வம் ஒன்றாயவிடத்துப் பகைமை நிலைபெறுவது அரிது.

பருமாப் போரைச் சுருங்கச் சொல்லுவாம். 1824-ஆம் ஆண்டு மே 11-ஆம் நாள் இரங்கூனில் இறங்கிய படையிற் பெரும்பகுதி சென்னைப்படையே. வங்கச் சிப்பாய்கள் கடற்பயண அச்சத்தாலும் சுமைவண்டிக் குறையாலும் பாரக்பூரில் மறுத்துச் சுடப்பட்டது அவ்வாண்டு நவம்பரில். நம்மவர் முன்னரே கப்பலேறியிருந்தனர். ஊரார் ஊரைவிட்டு அகன்றமையாற் காய்கறியில்லை, பெருமழை, காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும். சென்ற நாற்பதினாயிரவருள் ஏறக்குறைய 15,000 பேர் மாண்டனர்; பெரும்பாலார் நோயாலேயே.

இனி முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவாம். மணிலாவுக்குச் சென்ற சிப்பாய்களுள் ஒருசாரார் மீளாது, அந்நகரின் கிழக்கே கைந்தா என்னும் ஊரில் தங்கிவிட்டனர். அந்நாட்டு மகளிரை மணந்தனர். அவர்தம் வழியினர் இன்றும் அவ்வூரில் உளர். சிப்பாய் மரபினர் என்பதும் ஆங்கு அறியப்பட்டதே. ஆனால் அவர் கத்தோலிக்க கிறித்தவர். நம் மொழியும் நீறும் அவரிடத்து இல்லை.

சிங்கப்பூரிலோ வேறொன்று நிகழ்ந்தது. 19-ஆம் நூற்றாண்டிற் சென்னைப் பட்டாளங்கள் அத்தீவில் முறைமாறிக் காவல் செய்தன. அவர் தங்கிய வரிசை வீடுகளுக்குச் சிப்பாய் லயன் என்று பெயர். அப்பகுதியிற் குடிலொன்றில் வைத்து வழிபடப்பெற்ற பிள்ளையாரே இன்று கியோங்சைக்கு வீதியில் லயன் சித்தி விநாயகர் என எழுந்தருளியிருக்கும் மூர்த்தி. படை போயிற்று, பிள்ளையார் போகவில்லை.

கைந்தாவினர் பத்தியிற் குறைந்தோர், சிங்கப்பூரினர் மிக்கோர் என்று கூறுதல் அறியாமையாம். மெய்கண்ட தேவர் சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரத்தில் மலம் நீங்கிய சீவன்முத்தனுக்கே அடியாரொடு கூடியிருத்தலையும், அவர் திருவேடத்தையும் திருக்கோயிலையும் அரன் எனவே கண்டு வணங்குதலையும் விதித்தார். அன்பில்லார் கூட்டம் மறதியைத் தரும் என்பது அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. முத்தனுக்கே இத்துணை வேண்டுமெனின், மறம் பயின்று வயிறு வளர்க்க வந்த எளிய சிப்பாய்க்கு எத்துணை வேண்டும்! கைந்தாவில் இருந்தோர்க்குக் கோயிலில்லை, வேடமுடையார் வருவதில்லை, சைவமணம் கமழும் மனையாள் இல்லை, பிள்ளைக்கு நீறிட்டு ஐந்தெழுத்துச் சொல்லிக்கொடுக்க ஒருவருமில்லை. நீறிட்ட நெற்றியோடு சென்றவன் தன் காலம் வரை அதனைக் காத்திருக்கலாம். அவன் மகன் நெற்றிக்கு அஃது எங்ஙனம் சென்று சேரும்? ஆகமம் தந்த ஆக்கினேய நீராட்டு ஒருவனைக் காக்கும். வழிவழிச் சமயத்தைக் காக்க அதுமட்டும் அமையாது. சிங்கப்பூரில் நகரத்தார் இருந்தனர். குடும்பத்தோடு வாழ்ந்த தமிழர் இருந்தனர். படைஞர் விட்டுச்சென்ற விளக்கிற்கு அவர் எண்ணெய் வார்த்தனர்.

லயன் சித்தி விநாயகர் ஆலயம் இன்றும் நகரத்தார் மேற்பார்வையிலேயே உள்ளது. தைப்பூசத்திற்கு முந்தைய நாட்காலையில், தெண்டாயுதபாணிப் பெருமான் வெள்ளித்தேரேறித் தேங்கு வீதித் திருக்கோயிலினின்றும் புறப்பட்டு, இங்குள்ள தமையனாரிடம் வந்து பகற்பொழுது தங்கி, மாலையில் தம் கோயிலுக்கு மீண்டெழுந்தருளுகின்றார்.